ஒரு துணைவினையின் கதை

டில்லியிலாயினும் கொல்கத்தாவிலாயினும், நம்மவர் வீட்டுக் குழந்தை பள்ளிக்கூடம் சென்று முதன்முதலாகக் கற்றுக்கொண்டு வரும் ஆங்கில வாக்கியங்களுள் 'மே ஐ கம் இன்?' என்பது ஒன்று. வகுப்பறை வாயிலில் நின்று, உள்ளே வரலாமா என்று ஆசிரியரைக் கேட்கும் வாக்கியம் அது. குழந்தை வாய் தவறி, 'கேன் ஐ கம் இன்?' என்று கேட்டுவிட்டால், பழைய முறையில் பயின்ற ஆசிரியர் உடனே திருத்துவார். 'வர முடியுமா என்று என்னைக் கேட்பானேன்? கால்கள் உன்னுடையவை, அனுமதி மட்டுந்தான் என்னுடையது' என்று வேடிக்கையாகச் சொல்லுவோரும் உண்டு. முடியுமா என்று கேட்பது ஒன்று. கூடுமா என்று கேட்பது வேறொன்று. இந்த வேறுபாட்டைக் காத்து நிற்கும் 'மே' என்னும் வினைச்சொல், ஆங்கிலத்தில் மூன்றெழுத்துக் கொண்டது. தமிழில் எழுதினால் ஓரெழுத்தே.

இந்த ஓரெழுத்துச் சொல்லைக் குறித்து நம் நாட்டுப் பாராளுமன்றத்தில் கடும் விவாதம் நிகழ்ந்தது. அதனை வைத்தெழுதிய சட்டம் நடைமுறைக்கு வந்த நாளையொட்டிச் சென்னை மாநிலத்தில் பெருங் கிளர்ச்சி எழுந்தது. உயிர்கள் பல பறிபோயின. பின்னர் அச்சட்டம் திருத்தப்பட்டது. இவை யாவும் நம்மில் மூத்தோர் அறிந்த செய்திகளே. ஆயினும், அச்சொல் எங்கிருந்து வந்தது, அன்றாடப் பேச்சில் எவ்வாறெல்லாம் வழங்குகிறது, சட்டத்தில் புகுந்தபோது ஏன் அத்துணை ஐயத்தை விளைத்தது, இறுதியில் அதற்கு என்ன நேர்ந்தது என்பனவற்றை ஒருசேர எண்ணிப் பார்த்தோர் சிலரே. தாய்மண்ணை விட்டு வெளி மாநிலங்களில் வாழும் தமிழர்க்கு இவ்வரலாறு வெறும் இலக்கணச் செய்தி ஆகாது. நாம் எழுதும் விண்ணப்பங்களும், நமக்கு வரும் மடல்களும், நம் பிள்ளைகள் எழுதும் தேர்வுகளும் அச்சொல்லின் நிழலிலேயே நடந்து வருகின்றன.

முதற்கண் அன்றாட வழக்கைக் காண்போம். 'யூ மே கோ' என்றால் நீங்கள் போகலாம் என்பது பொருள். இஃது அனுமதி. 'இட் மே ரெயின்' என்றால் மழை பெய்யலாம் என்பது பொருள். இங்கே மழைக்கு யாரும் அனுமதி தரவில்லை. நிகழக் கூடும் என்னும் ஐயந்தான் புலப்படுகிறது. 'மேபி' என்று சேர்த்துச் சொன்னால், ஒருவேளை என்றாகிவிடும். 'மே யூ லிவ் லாங்' என்றால் நீடூழி வாழ்க என்னும் வாழ்த்து. 'கம் வாட் மே' என்றால் வருவது வரட்டும் என்னும் துணிவு. 'ஹி மே பி ரிச்' என்று தொடங்கினால், அவர் செல்வராக இருக்கலாம், ஆயினும் என்று மேலே ஒரு குறை சொல்லப் போகிறார்கள் என்று தெரிந்துகொள்ளலாம். அனுமதி, ஐயம், வாழ்த்து, துணிவு, ஒப்புக்கொண்டு மறுத்தல் ஆகிய இத்தனையும் ஒரே வினையின் வேலைகள்.

தமிழிலும் இதற்கு ஈடான சொல்லாட்சி உண்டு. 'வரலாம்' என்பது 'வரல் ஆம்' என்பதன் சேர்க்கை. வரல் என்பது தொழிற்பெயர். ஆம் என்பது ஆகும் என்பதன் குறுக்கம். வருதல் ஆகும் என்று சொன்னால், அது தகும் என்றும் பொருள்படும், நிகழும் என்றும் பொருள்படும். எனவேதான் 'நீங்கள் வரலாம்' என்பதும் 'மழை வரலாம்' என்பதும் நமக்கு ஒரே வடிவில் அமைந்துவிட்டன. வாழ்த்துக்கோ நம் இலக்கணம் தனியிடம் வகுத்துவிட்டது. வாழ்க, வருக, வெல்க என்பன வியங்கோள் வினைகள். ஆங்கிலத்தார் ஒரே கருவியால் செய்யும் வேலையை நாம் இரண்டு கருவிகளால் செய்கிறோம்.

இவற்றோடு நம் நாட்டு அலுவலகங்களுக்கே சிறப்பாக உரிய வழக்கு ஒன்றும் உண்டு. கோப்பில் குறிப்பு எழுதும் எழுத்தர், 'மே கைண்ட்லி பி அப்ரூவ்ட்' என்று முடிப்பார். ஒப்புதல் அளித்தருள வேண்டுகிறேன் என்பது அதன் கருத்து. மேலதிகாரி அதே கோப்பில், 'தி அப்ளிகன்ட் மே பி இன்ஃபார்ம்ட்' என்று எழுதிக் கீழே அனுப்புவார். விண்ணப்பதாரருக்குத் தெரிவிக்கவும் என்னும் கட்டளை அது. கீழிருந்து மேலே செல்லும்போது வேண்டுகோளாகவும், மேலிருந்து கீழே வரும்போது கட்டளையாகவும் அச்சொல் நடக்கிறது. இரண்டிலும் வடிவம் ஒன்றே.

இதனை அறியாமல் நாமும் ஒருமுறை தவறினோம். மொழிபெயர்ப்புப் பணியில் சேர்ந்த புதிதில், அலுவலகம் ஒன்றின் குடியிருப்பு ஒதுக்கீடு பற்றிய அறிவிப்பைத் தமிழாக்கம் செய்யும்படி நேர்ந்தது. ஊழியர்கள் மாதம் 15ஆம் தேதிக்குள் படிவத்தைக் கொடுக்க என்னும் கருத்தில், மூலத்தில் 'மே' என்ற சொல் இருந்தது. நாம் அகராதியை நம்பிக் 'கொடுக்கலாம்' என்று எழுதிவிட்டோம். தஞ்சை மாவட்டத்திலிருந்து வந்திருந்த வயது முதிர்ந்த ஊழியர் ஒருவர், விருப்பமிருந்தால் கொடுக்கலாம் போலும் என்று கருதி, ஊருக்குப் போய்வந்து சாவகாசமாகக் கொடுத்தார். அவருடைய முறை தவறிவிட்டது. 'ஏன் சார், கொடுக்கலாம் என்றுதானே போட்டிருந்தது?' என்று அவர் வந்து கேட்டபோது, நம்மிடம் விடை இல்லை. சினமின்றி அவர் கேட்ட அக்கேள்வி நம்மை அகராதிக்கு அப்பால் போகச் செய்தது. அடுத்த அறிவிப்பில் 'கொடுக்க வேண்டும்' என்று எழுதினோம். ஆயினும் அவருக்கு வீடு கிடைக்க மேலும் பல மாதங்கள் ஆயின.

இனி இச்சொல்லின் பிறப்பைக் காண்போம். ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் இங்கிலாந்தில் வழங்கிய பழைய ஆங்கிலத்தில் 'மாகன்' என்றொரு வினை இருந்தது. வலிமை உடையனாதல், இயலுதல் என்பன அதன் பொருள். அவ்வேரிலிருந்து கிளைத்ததே ஆற்றல் எனப் பொருள்படும் 'மைட்' என்னும் பெயர்ச்சொல். ஜெர்மானிய மொழியில் அதிகாரத்தைக் குறிக்கும் 'மாஹ்ட்' என்ற சொல்லும் அதன் உறவே. ஆகவே 'மே' என்பது தொடக்கத்தில் எவரிடமும் கைகட்டி அனுமதி கேட்ட சொல்லன்று. என்னால் இயலும் என்று நிமிர்ந்து நின்ற சொல்.

அதனை அந்த இடத்திலிருந்து பெயர்த்தது 'கேன்' என்னும் சொல். இதன் மூலம் 'குன்னன்' என்பது. அறிதல் என்பது அதன் பொருள். ஒன்றைச் செய்ய அறிந்தவன் அதனைச் செய்ய வல்லவன் அல்லவா? நாமும் 'எனக்கு நீந்தத் தெரியும்' என்றே சொல்கிறோம். அறிவைக் கூறி ஆற்றலை உணர்த்துகிறோம். இவ்வாறே 'கேன்' மெல்ல மெல்ல ஆற்றலைக் குறிக்கும் சொல்லாயிற்று. வலிமையின் இருப்பிடத்தை அது கைப்பற்றிக்கொள்ளவே, 'மே' அனுமதியையும் ஐயத்தையும் நாடிச் சென்றது. இக்காலத்துப் பிள்ளைகள் அனுமதிக்கும் 'கேன்' என்றே கேட்கத் தொடங்கிவிட்டனர். குடியிருந்த வீட்டை முன்னே பறிகொடுத்த சொல், ஒதுங்கிய திண்ணையையும் இப்போது இழந்து வருகிறது.

'மஸ்ட்' என்னும் சொல்லின் வரலாறு இன்னும் வியப்பானது. கண்டிப்பாகச் செய்தே ஆக வேண்டும் என்பதை இன்று உணர்த்தும் அச்சொல், 'மோத்தன்' என்ற பழைய வினையின் இறந்தகால வடிவத்திலிருந்து வந்தது. மோத்தன் என்பதன் பொருள் அனுமதி பெற்றிருத்தல். அதாவது, செய்யலாம் என்று சொன்ன சொல்லே காலப்போக்கில் செய்தே தீர வேண்டும் என்று சொல்லும் சொல்லாக மாறிவிட்டது. அனுமதிக்கும் கட்டாயத்துக்கும் இடையே உள்ள வேலி எத்துணை மெல்லியது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

கட்டளைக்கென்றே பெயர்பெற்ற 'ஷால்' என்னும் சொல், கடன்பட்டிருத்தல் எனப் பொருள்படும் பழைய வினையிலிருந்து தோன்றியது. ஜெர்மானிய மொழியில் 'ஷுல்ட்' என்றால் கடன் என்றும் பொருள், குற்றம் என்றும் பொருள். தமிழில் 'கடன்' என்ற சொல்லே திருப்பித் தரவேண்டிய பணத்தையும் செய்தே தீரவேண்டிய கடமையையும் ஒருங்கே குறிக்கக் காண்கிறோம். தொலைதூரத்து இரு மொழிகள், ஒன்றையொன்று அறியாமலே, ஒரே வழியில் சிந்தித்திருக்கின்றன.

ஷால், வில் என்னும் இரண்டையும் எங்கே எதை ஆள்வது என்று விதி வகுத்தவர் ஜான் வாலிஸ். இவர் ஆக்ஸ்போர்டில் வடிவகணிதப் பேராசிரியராக விளங்கியவர். 1653ஆம் ஆண்டு ஆங்கில மொழிக்கு இலத்தீனில் ஓர் இலக்கணம் எழுதினார். தன்மையில் 'ஷால்' என்றால் வெறும் எதிர்காலம், 'வில்' என்றால் உறுதி; முன்னிலையிலும் படர்க்கையிலும் இதற்கு நேர்மாறு என்று அவர் வரையறுத்தார். பள்ளிகளில் இதனை விளக்க ஒரு வேடிக்கைக் கதை சொல்வது வழக்கம். ஆற்றில் விழுந்த அயல்நாட்டான் ஒருவன், நான் மூழ்கிவிடுவேன், யாரும் காப்பாற்ற மாட்டார்களா என்னும் கருத்தில், 'ஐ வில் டிரவுன். நோபடி ஷால் சேவ் மி' என்று கத்தினானாம். கரையில் நின்ற இலக்கண வல்லுநர்களின் காதில், 'மூழ்குவதென உறுதி பூண்டேன். எவரும் என்னைக் காப்பாற்றக் கூடாது' என்று அது விழுந்தது. ஆகவே வாளா நின்றனராம். கதை கட்டுக்கதையே. ஆயினும் ஒரு துணைவினை மாறினால் ஓர் உயிரும் போகலாம் என்னும் அதன் கருத்து, நம் நாட்டு வரலாற்றில் வேறு விதமாய் மெய்யாயிற்று.

சட்டம் எழுதுவோர் இச்சொற்களை எடுத்தாண்டபோது, 'ஷால்' என்பதைக் கட்டளைக்கும் 'மே' என்பதை விருப்புரிமைக்கும் என ஒதுக்கிக்கொண்டனர். ஆனால் நீதிமன்றங்கள் அந்த ஒதுக்கீட்டை எப்போதும் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. 1880ஆம் ஆண்டு, ஆக்ஸ்போர்டுப் பேராயர் பற்றிய வழக்கொன்றில் இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை இதனை ஆராய்ந்தது. அதிகாரம் வழங்கும் சொற்கள் தம்மளவில் அதிகாரத்தையே வழங்குகின்றன. ஆயினும் அந்த அதிகாரம் எதற்காக, யாருடைய நலனுக்காக வழங்கப்பட்டது என்பதைப் பொறுத்து, அதனைச் செலுத்தும் கடமையும் உடன் சேரலாம் என்பது அங்கே கண்ட முடிவு. அவ்வழக்கில் பேராயருக்கு அத்தகைய கடமை இல்லை என்றே தீர்ப்பாயிற்று. கோட்பாடு மட்டும் நிலைத்துவிட்டது.

நம் உச்ச நீதிமன்றமும் இருபுறமும் சென்றிருக்கிறது. அரசு ஊழியர்களைப் பற்றிய ஒழுங்கு நடவடிக்கைகளில் தேர்வாணையத்தைக் கலந்தாலோசிக்குமாறு அரசியலமைப்பின் 320ஆவது பிரிவு கூறுகிறது. அங்கே நிற்கும் சொல் 'ஷால்'. எனினும் அவ்வாறு கலந்தாலோசியாமல் விட்டதனாலேயே அரசின் ஆணை செல்லாததாகிவிடாது என்று 1957ஆம் ஆண்டு தீர்ப்பளிக்கப்பட்டது. ஷால் என்பது அங்கே தன் கடுமையை இழந்தது. அதற்கு எதிராக, 1963ஆம் ஆண்டு உத்தரப் பிரதேசத்து அலுவலர் ஒருவரின் வழக்கில், ஊழியரே வேண்டிக்கொண்டால் ஆளுநர் அவருடைய விஷயத்தைத் தீர்ப்பாயத்துக்கு அனுப்பலாம் என்னும் விதி ஆராயப்பட்டது. அங்கே நின்ற சொல் 'மே'. ஊழியர் வேண்டிக்கொண்டபின் அனுப்பியே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் பொருள் கண்டது. அங்கே 'மே' என்பது 'ஷால்' ஆயிற்று. அதே 1963ஆம் ஆண்டில்தான் பாராளுமன்றத்திலும் இதே இரு சொற்களைப் பற்றிய வாதம் எழுந்தது.

அதற்கு முன்னுரையாக அரசியலமைப்பின் 343ஆவது பிரிவை நினைவுகூர வேண்டும். கே. எம். முன்ஷியும் என். கோபாலசாமி ஐயங்காரும் வகுத்த உடன்பாட்டின் அடிப்படையில், 1949 செப்டம்பர் 14 அன்று அரசியல் நிர்ணய சபை அதனை ஏற்றது. அப்பிரிவில் மூன்று உட்பிரிவுகள். நடுவண் அரசின் ஆட்சிமொழி தேவநாகரி எழுத்திலமைந்த இந்தி என்பது முதலாவது, அங்கே 'ஷால்'. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த நாள்தொட்டு 15 ஆண்டுகள் ஆங்கிலமும் முன்போலவே தொடர்ந்து வழங்கும் என்பது இரண்டாவது, அங்கும் 'ஷால்'. அந்தப் 15 ஆண்டுகளுக்குப் பின்னும் ஆங்கிலத்தை வழங்கப் பாராளுமன்றம் சட்டத்தின் வாயிலாக வகைசெய்யலாம் என்பது மூன்றாவது, அங்கே 'மே'. இந்தி வாசகத்தில் முன்னதற்கு 'ஹோகீ' என்றும், பின்னதற்குச் 'சகேகீ' என்றும் வந்துள்ளன. வடமாநிலங்களில் வாழும் நேயர்களுக்கு இவ்விரு சொற்களும் கடைத்தெருவிலேயே பழக்கம். 'ஹோகீ' என்றால் ஆகும் என்னும் எதிர்காலமே. வீட்டில் இருப்பாள் போலும் என்று ஊகமாகச் சொல்லவும் அதுவே உதவும். 'சகேகீ' என்றால் இயலும் என்பது பொருள். ஆங்கிலத்தில் கட்டளையாக ஒலிப்பது இந்தியில் எதிர்காலமாகவும், அனுமதியாக ஒலிப்பது ஆற்றலாகவும் நிற்கின்றன.

பதினைந்து ஆண்டுகள் 1965 ஜனவரி 26 அன்று முடிவடைய இருந்தன. 1955ஆம் ஆண்டு பி. ஜி. கேர் தலைமையில் ஆட்சிமொழி ஆணைக்குழு அமைந்தது. அதன் உறுப்பினர்களாயிருந்த டாக்டர் பி. சுப்பராயனும், வங்கத்து மொழியறிஞர் சுநீதிகுமார் சட்டர்ஜியும் மாறுபட்ட கருத்தை எழுதிவைத்தனர். 1959 ஆகஸ்டு 7 அன்று பிரதமர் ஜவஹர்லால் நேரு லோக சபையில் ஓர் உறுதிமொழி அளித்தார். இந்தி எவர்மீதும் திணிக்கப்படமாட்டாது. இந்தி பேசாத மக்கள் விரும்பும்வரை ஆங்கிலம் துணைமொழியாகத் தொடரும். அதனைத் தீர்மானிக்கும் உரிமை அம்மக்களிடமே இருக்கும் என்பது அதன் சாரம். தென்னாட்டார் அந்த உறுதிமொழியைப் பெரிதும் நம்பினர்.

1963 ஏப்ரலில் உள்துறை அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ஆட்சிமொழிகள் மசோதாவைக் கொண்டுவந்தார். 15 ஆண்டுகள் கழிந்தபின்னும் ஆங்கிலம் இந்தியோடு கூடத் தொடர்ந்து வழங்கலாம் என்று அதன் மூன்றாவது பிரிவு கூறிற்று. சொல் 'மே'. அரசியலமைப்பு 15 ஆண்டுகளுக்கு அளித்த 'ஷால்' போய், அதன்பின் வருங்காலத்திற்கு 'மே' மட்டுமே கிட்டியது கண்டு பலர் திடுக்கிட்டனர். வழங்கலாம் என்றால் வழங்காமலும் இருக்கலாம் அல்லவா என்பது அவர்தம் கேள்வி. லோக சபையில் பிராங்க் அந்தோணி அதனை எதிர்த்தார். ராஜ்ய சபையில் சி. என். அண்ணாதுரை, 'மே' என்பதை 'ஷால்' என்று மாற்றுமாறு வற்புறுத்தினார். இந்த இடத்தில் இரண்டுக்கும் பொருள் ஒன்றே என்பது நேருவின் விடை. ஒன்றேயானால் 'ஷால்' என்றே எழுதிவிடுவதில் என்ன தடை என்பது தி.மு.கழகத்தாரின் எதிர்வினா.

இரு தரப்பையும் நடுநிலையோடு நோக்குதல் நம் கடன். நேரு கூறியது சட்ட மரபுக்குப் புறம்பானதன்று. 'மே' என்பது 'ஷால்' ஆவதை நீதிமன்றத் தீர்ப்புகளிலேயே கண்டோம். 'ஷால்' என்று எழுதினால் இந்தியில் எழுத விரும்புவோரும் ஆங்கிலத்தையே ஆண்டு தீரவேண்டும் என்றாகிவிடுமே என்று கருதவும் இடமுண்டு. மசோதா ஆங்கிலத்துக்கு மிகுதியாக இடங்கொடுத்துவிட்டது என்று இந்தி ஆர்வலர் சிலர் மற்றொரு புறம் அதனைச் சாடிக்கொண்டிருந்தனர். ஆயினும் அண்ணாதுரை முதலியோர் எழுப்பிய கேள்வியின் ஆழம் வேறு. சொல்லின் பொருளை இன்று விளக்குபவர் நாளை இருப்பாரா? அவருடைய விளக்கம் அவையின் நடவடிக்கைக் குறிப்பில் இருக்கும். அதிகாரியின் மேசைமேல் இருப்பது சட்டத்தின் வாசகம் ஒன்றே. வலியவனுக்கு 'மே' போதும். மற்றொருவனுடைய நல்லெண்ணத்தை நம்பி வாழ்பவனுக்கே 'ஷால்' தேவைப்படுகிறது.

மசோதா 'மே' என்ற சொல்லோடே நிறைவேறி, 1963 மே 10 அன்று ஒப்புதல் பெற்றுச் சட்டமாயிற்று. 1964 மே 27 அன்று நேரு மறைந்தார். விளக்கம் தந்தவர் போனார். சொல் மட்டும் நின்றது. 1965 ஜனவரி 26 நெருங்க நெருங்கச் சென்னை மாநிலத்தில் அச்சம் வளர்ந்தது. மத்திய அரசுப் பணிகளை நம்பியிருந்த இளைஞர்க்கு அது பிழைப்பைப் பற்றிய அச்சமும் ஆகும். 1965 ஜனவரியிலும் பிப்ரவரியிலும் மாணவர் கிளர்ச்சி மாநிலமெங்கும் பரவியது. அரசாங்கக் கணக்கின்படியே சுமார் 70 பேர் மாண்டனர். பிப்ரவரி 11 அன்று மத்திய அமைச்சர்கள் சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அளகேசனும் பதவி விலகல் கடிதம் கொடுத்தனர். அன்றே பிரதமர் சாஸ்திரி வானொலியில் நாட்டு மக்களுக்கு உரையாற்றினார். மாநிலங்கள் மத்திய அரசோடு ஆங்கிலத்தில் எழுதிக்கொள்ளலாம் என்றும், அவற்றின் இசைவின்றி அந்நிலை மாறாது என்றும், நேருவின் உறுதிமொழி காக்கப்படும் என்றும் அறிவித்தார். வீடுகளிலும் தேநீர்க் கடைகளிலும் வானொலிப் பெட்டியைச் சூழ்ந்து அதனைக் கேட்டோர் பலர். ஆயினும் அதுவும் ஒரு வாக்குறுதியே, சட்டத்தில் ஏறவில்லை.

சட்டத்தில் ஏறியது 1967ஆம் ஆண்டின் இறுதியில். இந்திரா காந்தியின் அரசாங்கம் கொண்டுவந்த திருத்த மசோதா டிசம்பரில் பாராளுமன்றத்தில் நிறைவேறி, 1968 ஜனவரியில் சட்டமாயிற்று. 'மே' என்ற சொல் அப்போது 'ஷால்' என்று மாற்றப்பட்டது எனப் பலரும் கூறக் கேட்கிறோம். திருத்திய வாசகத்தை எடுத்துப் படித்தால் உண்மை அதனினும் சுவையானது. மூன்றாவது பிரிவின் முதல் உட்பிரிவில் ஆங்கிலம் தொடர்ந்து வழங்கலாம் என்னும் பழைய 'மே' இன்றளவும் அங்கேயே நிற்கிறது. எவரும் அதனை அகற்றவில்லை. அதனைச் சுற்றிலும் 'ஷால்' என்னும் வேலியை நட்டுவிட்டார்கள்.

இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலத்தோடு மத்திய அரசு நடத்தும் கடிதப் போக்குவரத்தில் ஆங்கிலம் வழங்க வேண்டும். இது முதல் 'ஷால்'. தீர்மானங்கள், பொது ஆணைகள், விதிகள், அறிவிக்கைகள் முதலியவற்றில் இந்தி, ஆங்கிலம் இரண்டும் வழங்க வேண்டும். இது மற்றொரு 'ஷால்'. எல்லாவற்றினும் வலியது ஐந்தாம் உட்பிரிவில் உள்ளது. ஆங்கிலத்தை நிறுத்த வேண்டுமாயின், இந்தியை ஆட்சிமொழியாக ஏற்காத மாநிலங்கள் அனைத்தின் சட்டமன்றங்களும் அதற்கெனத் தீர்மானம் நிறைவேற்ற வேண்டும். அவற்றை ஆராய்ந்தபின் பாராளுமன்றத்தின் இரு அவைகளும் தனித்தனியே தீர்மானிக்க வேண்டும். அதுகாறும் இவ்வேற்பாடு நடைமுறையில் இருக்கும். அனைத்தும் என்பதால் ஒரு மாநிலம் இசையாவிடினும் போதும். இசைவை அளிக்கும் உரிமை அம்மக்களிடமே இருக்கும் என்று 1959இல் வாய்மொழியாகச் சொல்லப்பட்டது, இவ்வாறு எழுத்தில் ஏறிற்று. திருத்தத்தோடு நிறைவேறிய மும்மொழித் தீர்மானம் 1968 ஜனவரியில் மீண்டும் கிளர்ச்சியை எழுப்பியதும், சென்னைச் சட்டமன்றம் இருமொழிக் கொள்கையை வகுத்ததும் அதன் தொடர்ச்சி. 1976ஆம் ஆண்டின் ஆட்சிமொழி விதிகள் தமிழ்நாடு நீங்கலாக இந்தியா முழுமைக்கும் பொருந்தும் என்று தம் முதல் விதியிலேயே கூறுகின்றன.

இவ்வரலாற்றிலிருந்து மொழிபெயர்ப்பாளராகிய நாம் பெற்ற பாடம் ஒன்றுண்டு. ஒரு துணைவினையின் பொருளை அகராதி முடிவு செய்வதில்லை. யார் யாரிடம் சொல்கிறார், கேட்பவர் மறுத்தால் என்ன ஆகும், சொன்னவர் சொல்லை மீறினால் கேட்பவருக்குப் புகலிடம் உண்டா என்பனவே முடிவு செய்கின்றன. வகுப்பறை வாயிலில் நிற்கும் குழந்தைக்கு ஆசிரியரின் 'மே' போதுமானது. அவர் முகம் எதிரே தெரிகிறது. முகம் தெரியாத அரசாங்கத்தோடு கோடிக்கணக்கான மக்கள் பேசும்போது அது போதுவதில்லை. இதனை உணர்ந்தே, 1996ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்கர் தம் புதிய அரசியலமைப்பை எழுதியபோது, இருபொருள் படும் 'ஷால்' என்பதையும் விடுத்து, 'மஸ்ட்' என்றே எழுதிக்கொண்டனர். நாமும் தமிழாக்கத்தில் 'லாம்' என்று எழுதுமுன், அஃது அனுமதியா, ஐயமா, மரியாதைப் போர்வை போர்த்திய கட்டளையா என்று ஒருமுறைக்கு இருமுறை கேட்டுக்கொள்கிறோம். தஞ்சாவூர்ப் பெரியவரின் முகம் அப்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

அதே மூன்றாவது பிரிவின் நான்காம் உட்பிரிவில் இன்னொரு 'மே' உண்டு. அதனைப் பலர் கவனிப்பதில்லை. மத்திய அரசுப் பணியில் உள்ளோர் இந்தியில் மட்டுமோ ஆங்கிலத்தில் மட்டுமோ தேர்ச்சி பெற்றிருப்பினும், தம் பணியைத் திறம்பட ஆற்ற இயலுமாறும், இரண்டும் அறியாமையால் அவர்களுக்குக் குறைவு நேராதவாறும் விதிகள் அமைய வேண்டும் என்கிறது அது. ஆற்ற இயலுமாறு என்று நாம் எழுதிய இடத்தில் ஆங்கிலத்தில் நிற்பது 'மே' தான். அங்கே அஃது அனுமதியும் அன்று, ஐயமும் அன்று; ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னிருந்த இயலுதல் என்னும் பழம்பொருளையே தாங்கி நிற்கிறது. டில்லியிலும் மும்பையிலும் அலுவலகம் சென்று திரும்பும் தமிழர் பலருடைய அன்றாட வாழ்வு அந்த ஒரு சொல்லைச் சார்ந்திருக்கிறது. நாளை காலை நம் வீட்டுக் குழந்தை வகுப்பறை வாயிலில் நின்று 'மே ஐ கம் இன்?' என்று கேட்கும்போது, இக்கதையும் ஒருகால் நம் நினைவுக்கு வரலாம்.